தாய் தந்த பொய்ச்சாட்சி

1986 பிப்ரவரி. சென்னையிலிருந்து வேலூருக்கு ரயிலில் கிளம்புகிறார் மருத்துவ மாணவி செல்லப்பன் நிர்மலா. துணைக்குக் கணவர். கையில் ஒரு ஐஸ் பெட்டி. உள்ளே இருந்தது சாப்பாடு இல்லை, ரத்த மாதிரிகள்! அதுவரை அவற்றைப் பாதுகாத்தது அவர் வீட்டு ஃபிரிட்ஜ். 'எய்ட்ஸா? அது அமெரிக்கா சமாசாரம்' என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்த காலம். 'எதற்கும் பார்த்துவிடு' என்று அனுப்பியவர் பேராசிரியை சுனிதி சாலமன். வேலூர் சி.எம்.சி-யில் 'எலைசா' சோதனை. ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் ஹெச்.ஐ.வி. நுழைந்துவிட்டது!

ரத்தம் கொடுத்த பாலியல் தொழிலாளர்களிடம் எதற்காக எடுக்கிறோம் என்று சொல்லவில்லை. இன்றைக்கு அப்படிச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

இந்த எலைசாவில் ஒரு விஷயம் கவனிங்க. அது திருடனைத் தேடுவதில்லை. திருடனைப் பிடிக்க உடம்பு அனுப்பும் போலீஸைத்தான் தேடும். அந்த போலீஸுக்குப் பெயர் ஆன்டிபாடி. 'போலீஸ் நிக்குதா? அப்ப திருடன் உள்ளே இருக்கான்' என்ற கணக்கு. பெரியவர்களுக்கு இது சரி. பச்சைக் குழந்தைக்கு?

அங்கேதான் சிக்கல். கருவில் இருக்கும்போதே தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்விடுகின்றன. இயற்கை தரும் சீதனம் அது. ஹெச்.ஐ.வி. உள்ள தாய் என்றால் அதற்கான ஆன்டிபாடியும் சேர்ந்தே போகும். மருந்தே தராவிட்டாலும் இப்படிப்பட்ட 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத்தான் கிருமி தொற்றும். ஆனால் எலைசா கிட்டத்தட்ட 100 பேரையுமே 'பாசிட்டிவ்' என்று சொல்லிவிடும்! தாயின் சரக்கு முழுசாகத் தீர 18 மாதம்கூட ஆகலாம். 'அதுவரை பொறுத்திரும்மா' என்றார்கள் டாக்டர்கள்.

பொறுக்கத்தான் நேரமில்லை. கிருமி நிஜமாகவே தொற்றிய குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர், சிகிச்சை இல்லாவிட்டால், இரண்டாவது பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. 12 வாரத்துக்குள் மருந்தைத் தொடங்கினால் சாவு முக்கால்வாசி குறைகிறது என்று தென்னாப்பிரிக்க ஆய்வு ஒன்று 2008-ல் காட்டியது.

கிருமியின் மரபணுவையே தேடும் 'பி.சி.ஆர்.' சோதனை, குழந்தைகளுக்கான அரசுத் திட்டமாக இந்தியாவில் 2010-ல் வந்தது. கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஒரு தாய் என்று வச்சுக்குங்க. ஆறு வாரக் குழந்தையோடு கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வந்தால், பிஞ்சுக் குதிகாலில் ஒரு குத்து. சில சொட்டு ரத்தம் ஓர் அட்டையில் காயும். அந்த அட்டை லேபுக்குப் போகும். ஐஸ் பெட்டியே வேண்டாம்!

இதற்கு நேரெதிரான வேடிக்கையும் நடந்தது. 2010-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் பிறந்த ஒரு குழந்தைக்கு 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். சுமார் 18 மாதத்தில் மருந்து நின்றுபோனது. ஆனால் ரத்தத்தில் கிருமி இல்லை, ஆன்டிபாடியும் இல்லை. 'குணமாகிவிட்டது' என்று 2013-ல் உலகமே கொண்டாடியது. 2014 ஜூலையில் கிருமி திரும்பி வந்து நின்றது. திருடன் ஓடவில்லை, பரணில் பதுங்கியிருந்தான். சீக்கிரமே அடக்கப்பட்டதால் குழந்தையின் உடம்பு சொந்த போலீஸை உருவாக்கவே இல்லை.

வெள்ளிமலைக் குழந்தைக்கு வருவோம். ஆறாவது வாரத்தில் 'நெகட்டிவ்' என்று வந்தாலும் ஃபைலை மூட மாட்டார்கள். தாய்ப்பால் வழியாகவும் கிருமி வரலாம் இல்லையா? 18 மாதம் முடிந்ததும் அந்தத் தாய் இன்னொரு முறை மலை இறங்கி வரவேண்டும். அப்போது செய்வது அதே பழைய ஆன்டிபாடி சோதனைதான்.