முழுமைக் கேள்வியும் காமன் கூத்தும்

கேள்விச் செல்வத்தின் சிறப்பை ஆன்றோர் பலபடப் போற்றியுள்ளனர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் கந்தபுராணப் படிப்புப் பல நாள் தொடர்ந்து நிகழ்ந்து நிறைவெய்துதல், தொடங்கியதை முடியுங்காறும் கேட்கும் மரபாகும். இப்பண்பு ஏடறிந்தோர்க்கு மட்டும் உரியதன்று. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் உழைத்த மக்களும் அதனைத் தம் வழியிற் பேணினர். அவர்தம் காமன் கூத்தே அதற்குச் சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தினின்றும் கடல் கடந்து வந்தோர் இக்கூத்தையும் உடன்கொணர்ந்தனர். மாசித் திங்களில் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தோன்றுங்கால் கம்பம் ஊன்றப்படும். அன்று முதல் இரவுதோறும் பாட்டும் தப்பொலியும் எழும். இறுதி இரவில் இரதியும் மன்மதனும் வேடம் புனைந்து லயந்தோறும் ஆடி வருவர். இரதி வேடத்தையும் ஆடவரே ஏற்பது வழக்கம். தூதன், வீரபத்திரன், எமன் முதலியோர் முறையே தோன்றக் கதை இரவெல்லாம் வளர்ந்து காமதகனத்தை எய்தும்.

இவ்வாறு கண்விழித்துக் கேட்டோர் ஓய்வுடையார் அல்லர். வெயில் ஏறுமுன் பால் நன்கு சுரக்குமாதலின், இறப்பர் மரத்திற் பால்வெட்டுவோர் வைகறையிலேயே தொழிலுக்குச் செல்லல் வேண்டும். காலையிற் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பே. இரவிற் காமனை ஆட்டுவித்ததும் தப்பே. பகலிற் கங்காணிக்குப் பணிந்த அம்மக்கள், அவ்வோர் இரவைத் தமக்கென முழுமையாக வைத்துக்கொண்டனர்.

இக்கதை முழுமையாகக் கேட்கப்பட வேண்டியதற்கு அதன் அமைப்பே காரணம். நடுவில் எழுந்து போவோன் காமன் எரிந்ததையும் இரதியின் புலம்பலையும் மட்டுமே கொண்டு செல்வான். இறுதிவரை இருப்போனுக்கோ, காமன் இரதியின் கண்ணுக்கு மட்டும் உருவுடன் தோன்றுமாறு சிவபெருமான் அருளிய செய்தியும் கிட்டும். துயரத்துக்குப் பின் வரும் அருளை, துயரத்தைக் கடந்து இருந்தோரே பெறுவர்.

இருபதாம் நூற்றாண்டிலே கிராமபோன் பெட்டி பரவியது. அதன் இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 முறை சுழலும்; ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். ஆலாபனையும் கீர்த்தனையும் அவ்வளவுக்குக் குறுகின. 1925 ஆம் ஆண்டிற் கொழும்பில் வானொலி தொடங்கியபின், இசை பிற அலுவல்களுக்கிடையே செவியிற் படும் ஒன்றாயிற்று. 1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே நெடுநேர இசைத்தட்டு வெளிவந்தது. ஒரு பக்கமே இருபது நிமிடத்துக்கு மேல் பாடிற்று. 1963 ஆம் ஆண்டில் எம். எஸ். சுப்புலட்சுமியார் பாடி வெளியான வேங்கடேச சுப்ரபாதம் இதன் பயனை உணர்த்தும். திருப்பள்ளியெழுச்சி, தோத்திரம், சரணாகதி, மங்களம் என அது முறையே செல்கிறது. மங்களம் கேளாது எழுவோன் வழிபாட்டை இடையில் விட்டவனாவான். கருவி புதிதாயினும், அது வேண்டி நின்ற பொறுமை காமன் கூத்தைக் கேட்டோரிடம் முன்பே இருந்தது.

ஆயின் அக்கூத்துக்கு இசைத்தட்டு இல்லை. பாடுவோர் நெஞ்சமே ஏடு. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974 ஆம் ஆண்டிலேயே முடிவாயிற்று. இரதியின் புலம்பலை அறிந்தவன் கப்பலேறினால், எஞ்சியோரிடம் கதையின் ஒரு பகுதியே குறையும். மலையக மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளையின் (1914–1984) பணி இதனாலேயே அருமையுடையதாகின்றது.

தனிப்பாடல்களைத் தொகுத்தல் நன்று. எனினும் அதனோடு அமைதல் போதாது. கம்பம் ஊன்றும் மாலை முதல் இரதி வரம்பெறுங்காறும், ஓர் இரவும் விடாது, அக்கூத்தை ஒலிப்பதிவு செய்தல் கற்றோர் கடனாகும். அதற்கு முதற்கண் வேண்டுவது கருவியன்று. விடியும்வரை அமர்ந்து கேட்கும் செவியே.