கண்டியில் பூச்செடி வளர்ப்பு: அரசனின் பிச்சிப்பூவும் அயல்நாட்டு ரோசாவும்

கண்டியின் பூச்செடி வரலாற்றை எழுதுவோர் அதனை 1821ஆம் ஆண்டிலிருந்து, அதாவது பேராதனையில் ஆங்கிலேயர் தாவரவியல் பூங்காவை நிறுவிய காலத்திலிருந்து, தொடங்குவது வழக்கமாகிவிட்டது. அப்பூங்காவின் பங்கு பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பூவை நட்டுப் பேணுவதைத் தனித் தொழிலாகவும், அத்தொழிலுக்கு ஈடாக நிலம் பெறுவதை உரிமையாகவும் கொண்ட ஒரு முறை அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே மலைநாட்டில் வேரூன்றியிருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று உண்டு. 1660இல் சிறைப்பட்டு, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்துக் கிராமங்களில் தடுத்து வைக்கப்பட்டிருந்து, 1679இல் தப்பிச் சென்ற ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், 1681இல் இலண்டனில் வெளியிட்ட நூலில் அம்முறையை விரித்துரைக்கிறார்.

மல்லிகையை ஒத்த நறுமணமுள்ள வெண்மலர் ஒன்று, நொக்ஸ் பிச்ச மல் என்று குறிப்பிடுவது, நாள்தோறும் காலையில் இரண்டாம் இராசசிங்கனுக்குக் கொண்டு செல்லப்பட்டது. அதனை வெள்ளைத் துணியில் பொதிந்து கோலில் தொங்கவிட்டு எடுத்துச் செல்வதற்கென்றே ஆட்கள் இருந்தனர். எதிர்ப்படுவோர் அரசனுக்குரிய பொருள் என்ற மதிப்பினால் வழியைவிட்டு விலகி நிற்க வேண்டியிருந்தது. இப்பணிக்காக அரசனிடம் நிலம் பெற்றிருந்தவர்களே அச்செடிகளை நடும் கடமையையும் ஏற்றிருந்தனர். ஆற்றங்கரை மண்ணில் அது செழிப்பாக வளரும் என்பதால் அத்தகைய இடங்களைத் தெரிந்தெடுத்த அவர்களுக்கு, எவருடைய காணியிலும் நட்டு வேலியடைக்கும் அதிகாரமும் இருந்தது. மண் சாரமிழந்து செடி தளரும்வரை, சில ஆண்டுகளுக்கு, அவ்வேலி நீங்காது. அதன் பின்னரே காணிக்காரருக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. பூவை முன்னிட்டு நிலத்தைக் கையகப்படுத்தும் அதிகாரம் இருந்தது என்பதும், மண் ஓய்ந்ததும் இடம் மாற்றும் பயிர்முறை அறியப்பட்டிருந்தது என்பதும் இக்குறிப்பினால் ஒருசேரத் தெளிவாகின்றன. இந்நாட்டவர் பூச்செடிகளை நடுவதில்லை, அவை காட்டிலேயே தாமாக வளர்கின்றன என்று நொக்ஸ் அதே பகுதியில் பொதுப்படக் கூறுவது இவ்விவரத்தோடு பொருந்தவில்லை. பொதுக்கூற்றைவிட விவரத்தையே நம்புவது தகும்.

செந்நிற ரோசாவும் வெண்ணிற ரோசாவும் அங்கே உள்ளன, அவற்றின் மணம் இங்கிலாந்து ரோசாவின் மணத்தை ஒத்தது என்றும் நொக்ஸ் எழுதுகிறார். ஆனால் ரோசா இலங்கைக் காடுகளுக்குரிய செடியன்று. எனவே அவர் கண்டது உண்மையான ரோசாவாயின், அது வணிகர் வழியாகவோ போர்த்துக்கேயர் வழியாகவோ வந்து தோட்டங்களில் இடம்பெற்றதாகவே இருத்தல் வேண்டும். இவ்வூகத்துக்கு அவருடைய நூலிலேயே துணை கிடைக்கிறது. மாலை நான்கு மணியளவில் விரிந்து காலையில் குவியும் செந்திரிக்க மலரைச் சிலர் காட்டிலிருந்து பெயர்த்து வீட்டருகே நட்டு, முகில் மூடிய நாட்களில் அதனைக் கொண்டே நேரத்தைக் கணித்தனர் என்கிறார். தமிழில் அந்திமந்தாரை எனப்படும் அச்செடி அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கடல்வழி திறந்து இரு நூற்றாண்டு நிறையுமுன்பே அது கண்டிக் காட்டில் தானாக முளைத்து, காட்டுச்செடி என்று கருதப்படும் அளவுக்கு ஊரோடு ஒட்டிவிட்டது.

தலதா மாளிகையின் நாளாந்தப் பூசைக்கும் விகாரைகளின் வழிபாட்டுக்கும் வேண்டிய மலர்கள் அரண்மனைத் தேவையினும் பெரிய தேவையாக இருந்தன. மதுரையிலிருந்து மணவழி உறவால் வந்த நாயக்கர் மரபினரான கீர்த்தி சிறீ இராசசிங்கனின் ஆட்சியில் (1747–1782) பௌத்த சமயம் பெற்ற மறுமலர்ச்சியோடு இத்தேவையும் வளர்ந்தது எனக் கொள்ளலாம். மகாவலி கங்கை குதிரை இலாட வடிவில் வளைந்தோடும் பேராதனை நிலம் அரசனுடைய சோலையானதும் அவ்வாட்சியிலேயே என்பது மரபு. பூ வழங்குதல் கோயில் நிலங்களோடு பிணைந்த ஊழியங்களுள் ஒன்று. அரசுக்குரிய கட்டாய ஊழியமாகிய இராசகாரியத்தை ஆங்கில அரசு 1830களின் தொடக்கத்தில் நீக்கியபோதும் கோயில் நிலங்களின் ஊழியம் தொடர்ந்தது; 1870ஆம் ஆண்டின் ஊழிய நிலவுடைமைக் கட்டளைச் சட்டமே அதனைப் பணமாகச் செலுத்தித் தீர்க்க வழிவகுத்தது. விகாரை முற்றங்களில் இன்று தவறாமல் காணப்படும், சிங்களத்தில் அரலிய எனப்படும் மரமும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. கிளையை முறித்து, பால் வடிந்து வெட்டுவாய் உலரும்வரை சில நாள் நிழலில் கிடத்தி, பின் மண்ணில் ஊன்றினால் போதும், அது வேர்விடும். விதையை எதிர்பாராத இந்த எளிமையே அதனை விகாரைதோறும் கொண்டு சேர்த்தது.

ஆங்கிலேயரின் தாவரவியல் முயற்சிக்கும் ரோசாவுக்கும் உள்ள தொடர்பு பேராதனைக்கு முன்பே தொடங்கியது. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் பூங்காவின் செடி சேகரிப்பாளராக 1803இல் இயற்கையியலாளர் யோசப் பாங்ஸினால் சீனத்துக்கு அனுப்பப்பட்ட வில்லியம் கெர், கன்ரன் நகரத்து நாற்றுத் தோட்டங்களில் வாங்கிய செடிகளைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவந்தார். முள் அரிதாகவும் வெண்பூ கொத்துக் கொத்தாகவும் அமைந்த கொடி ரோசா ஒன்று அவற்றுள் இருந்தது. 1807இல் அங்குச் சேர்ந்த அதற்குப் பாங்ஸின் மனைவியின் பெயர் சூட்டப்பட்டு, இன்றும் உலகெங்கும் அப்பெயரிலேயே வளர்க்கப்படுகிறது. அதே கெர் 1812இல் கொழும்பு கொம்பனித்தெருவில் அமைந்த அரச தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். வெள்ளத்துக்கு ஆளான அவ்விடத்தைவிட்டு அடுத்த ஆண்டே தோட்டம் களுத்துறைக்கு மாறியது. 1814இல் கெர் இறந்தார். ரோசா வரலாற்றில் இடம்பெற்ற ஒருவர் இலங்கைத் தோட்டக்கலையின் தொடக்ககால அலுவலராகவும் இருந்தார் என்பது இங்குப் பலரும் நினைவுகூராத செய்தி.

1815இல் கண்டி வீழ்ந்தது. அலெக்சாண்டர் மூன் களுத்துறைச் செடிகளைப் பேராதனைக்குப் பெயர்த்து 1821இல் பூங்காவைத் தொடங்கியபோது, தென்மேற்கு மூலையில் ஒரு சிறு பகுதி மட்டுமே துப்புரவாக்கப்பட்டுக் கறுவாவும் கோப்பியும் நடப்பட்டன. அழகுக்கான தோட்டமாக அது பிறக்கவில்லை. மூன் 1824இல் வெளியிட்ட பட்டியல் 1,127 தாவரங்களை இலத்தீன் பெயரோடு சிங்களப் பெயரையும் சேர்த்துத் தருகிறது. அச்சிங்களப் பெயர்களைச் சொல்லித் தந்த நாட்டவர் பெயரின்றியே போயினர். பெயர் நின்றவருள் ஒருவர் ஓவியர் ஹர்மானிஸ் டி அல்விஸ். செடிகளை இலை, பூ, காய் எனப் பிரித்துத் துல்லியமாக வரைந்த அவருடைய பணியை மைந்தரும் தொடர்ந்தார். பேராதனையின் தாவரவியல், தலைமை ஏற்று வந்துபோன அறிஞர்களுக்குக் கடன்பட்ட அளவுக்கு இக்குடும்பத்தின் தூரிகைக்கும் கடன்பட்டது.

பொருளாதாரப் பயிர்களே பூங்காவுக்குப் பணமும் செல்வாக்கும் தேடித் தந்தன. 1849 முதல் மூன்று தசாப்தங்கள் பொறுப்பிலிருந்த த்வைட்ஸ், 1861இல் ஹக்கலையில் கொயினா தரும் சிங்கோனாவுக்கென ஒரு கிளைத் தோட்டம் திறந்தார். 1869இல் கோப்பி இலைத்துரு நோய் வெளிப்பட்டபின் தோட்டத்துரைமார் அம்மரத்தை நாடி வந்தனர். 1876இல் கியூவிலிருந்து 1,919 இறப்பர்க் கன்றுகள் 38 வார்டியன் பேழைகளில் கப்பலேறி இலங்கை சேர்ந்தன. வார்டியன் பேழை என்பது நதானியேல் வார்ட் என்ற மருத்துவர் 1829 அளவில் கண்டறிந்த, இறுக மூடிய கண்ணாடிப் பெட்டி. செடி வெளிவிடும் ஈரம் உட்சுவரில் படிந்து மீண்டும் மண்ணுக்கே திரும்புவதால், கடற்பயணத்தில் நன்னீர் ஊற்றாமலும் உப்புக்காற்றுப் படாமலும் கன்று மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். இறப்பருக்கும் சிங்கோனாவுக்கும் பயன்பட்ட இவ்வழியே பூச்செடிகளும் வந்தன. பயிருக்கென வகுத்த செலவில் அழகுச்செடியும் இடம்பிடித்துக்கொண்டது என்பதே கண்டித் தோட்டக்கலையின் உண்மையான பொருளாதார வரலாறு.

வந்த செடி ஒன்றாயிருப்பின் அதனைப் பலவாக்குவது தனிக்கலை. பர்மாவிலிருந்து 1860இல் பேராதனைக்கு வந்த அம்ஹேர்ஸ்டியா, தொங்கும் செங்கொத்துக்களால் பூமரங்களின் அரசி எனப் புகழ்பெற்றது. ஆனால் அரிதாகவே விதை கட்டும். ஆகவே பதிவைத்தல் முறையை நாடினர்: தாழ்ந்த கிளையின் பட்டையைச் சிறிது நீக்கி மண்ணில் புதைத்தோ, உயர்ந்த கிளையாயின் நீக்கிய இடத்தைச் சுற்றி மண்ணும் தும்பும் சேர்த்துக் கட்டி ஈரம் காத்தோ, கிளை தாய்மரத்தில் இருக்கும்போதே அதனை வேர்விடச் செய்தபின் வெட்டி எடுப்பர். பட்டை நீங்கிய இடத்துக்கு மேல், இலை ஆக்கிய உணவு கீழிறங்க வழியின்றித் தேங்குவதனாலேயே அங்கு வேர் பிறக்கிறது.

ரோசாவின் நிலை வேறு. சீன வழி வந்த பழைய ரோசாக்கள் தடித்துண்டை ஊன்றினாலே வேர்விடுவதோடு ஆண்டு முழுவதும் பூப்பன. கண்டி வட்டாரத்து வீட்டு முற்றங்களில் அத்தகையன அயலாரிடம் ஒரு கிளை கேட்டு வாங்கியே பரவின. 1867இல் பிரான்சில் தோன்றிய லா பிரான்ஸ் முதலாகப் பெருகிய கலப்பின ரோசாக்களோ ஒட்டுக்கட்டை மீதே நன்கு நிற்பவை. ஒட்டுக்கட்டை என்பது வேருக்காக வளர்க்கப்படும் வலிய காட்டு ரோசா. பென்சில் பருமனான அதன் தண்டில், நிலமட்டத்தை அண்டி, குறுக்காக ஒன்றும் அதன் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒன்றுமாகப் பட்டையளவே கீறி, கத்திப் பிடியால் இருபுறமும் பட்டையை நெகிழ்த்துவர். வேண்டிய இனத்தில் பூ உதிர்ந்த கிளையிலிருந்து ஓர் அரும்பை, இலைக்காம்பு சிறிது நிற்கும்படி கேடய வடிவில் சீவியெடுத்து, அக்கீறலுக்குள் செருகி, அரும்பு மட்டும் வெளித்தெரியக் கட்டுவர். இரண்டு மூன்று கிழமை கழிந்து விரல் பட்டதும் காம்பு உதிருமாயின் அரும்பொட்டுப் பிடித்தது. காம்பு கருகி அப்படியே ஒட்டிக்கிடந்தால் மறுபடியும் தொடங்க வேண்டியதுதான். பிடித்தபின்னும் ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் தளிரைக் கிள்ளி வராவிடில், சில ஆண்டுகளில் காட்டுச்செடியே மிஞ்சும்.

இத்தனை செய்தும் கண்டி ரோசாவுக்கு உகந்த ஊர் அன்று. சுமார் 500 மீற்றர் உயரத்தில், இரு பருவமழையும் நனைக்கும் வெதுவெதுப்பான காற்றில், இலையில் கரும்புள்ளி நோய் நீங்காது. ஓய்வு தரும் குளிர்காலமும் இல்லை. அவ்வோய்வைக் கத்தியால் உண்டாக்குவதே கவ்வாத்து. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய மலையகத் தமிழ்த் தொழிலாளருள் சிலரே துரை பங்களாக்களின் பூந்தோட்டங்களையும் பேணினர். அத்தோட்டங்களைப் பற்றிய எழுத்துக்களில் துரைசானிமாரின் இரசனை புகழப்படும் அளவுக்கு அவர்களுடைய கைத்திறன் பேசப்படவில்லை. ரோசா உண்மையில் குடிகொண்டது சுமார் 1,700 மீற்றர் உயரமுள்ள ஹக்கலையில்தான். சிங்கோனா விலை சரிந்தபின் அத்தோட்டம் குளிர்நாட்டுச் செடிகளுக்கு மாறி, ரோசாவுக்குப் பெயர்பெற்றது. 1867இல் கண்டியை எட்டிய புகையிரதப் பாதை 1885இல் நானுஓயாவரை நீண்டதும், மேட்டு நிலத்துப் பூவும் காய்கறியும் கீழே வருவது எளிதாயிற்று.

இவ்வனுபவங்களைத் தொகுத்து நூலாக்கியவர், 1895இல் பேராதனைக்கு வந்து 1925வரை பணியாற்றிய எச். எவ். மக்மில்லன். வெப்பமண்டலத் தோட்டக்கலை பற்றி 1910இல் அவர் வெளியிட்ட கைநூல் பல பதிப்புக்களைக் கண்டு, இலங்கைக்கு வெளியிலும் தோட்டக்காரரின் மேசைநூலாக நிலைத்தது. ஐரோப்பிய நூல்களின் அட்டவணையை விட்டு, இந்நாட்டு மழையையும் உயரத்தையும் கொண்டு எந்தச் செடியை எங்கு, எப்போது நடுவதென அது வகுத்தது. அதன் பின்னர் இனப்பெருக்க முறைகளில் பெருமாற்றம் நேர்ந்தது பூவில் அன்று, தேயிலையில்: தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட சிறுதுண்டிலிருந்து கன்று எழுப்பும் முறையைப் பரப்பியதோடு, பொலித்தீன் பைகள் வரிசையிட்ட தவறணை மலைநாடெங்கும் பழகிய காட்சியாயிற்று. பேராதனை, கன்னொறுவைப் பக்கத்து வீதியோரச் செடிக்கடைகளின் பைகளும் அதே வடிவினவே. ஓர்கிட், அந்தூரியம் போன்றவற்றுக்கு இன்று இழைய வளர்ப்பு, அதாவது செடியின் நுண்துணுக்கைக் கண்ணாடிக் குடுவையில் ஊட்டக் கூழில் வளர்க்கும் முறை, கைக்கொள்ளப்படுகிறது. விவசாயத் திணைக்களத்தின் கீழிருந்த பூங்காக்கள் 2006இல் தனித் திணைக்களமாயின.

பெருக்கும் கலை கைமீறிப் போனதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. அழகுக்காக 1820களில் கொண்டுவரப்பட்ட நாயுண்ணி தரிசெல்லாம் படர்ந்தது. 1851இல் வந்த காட்டுச் சூரியகாந்தி கண்டி மலைச் சரிவுகளின் வீதியோரங்களை மஞ்சளாக்கியது. கொழும்பில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவுக்காக வளர்க்கப்பட்ட ஆகாயத்தாமரையைத் தடுக்க 1909இல் சட்டமே இயற்ற நேர்ந்தது. தலதா மாளிகைக்குப் பின்னே, முன்னாளில் அரசர் காடாகக் காக்கப்பட்ட உடவத்தகெலே சுமார் 104 ஹெக்டேர் பரப்புள்ளது. பேராதனைக்கு 1870 அளவில் வந்து சேர்ந்த தென்னமெரிக்கப் பிசின்மரம், இறகுடைய விதைகளால் அக்காட்டின் பல பகுதிகளில் அடர்ந்து, நாட்டு மரங்களின் நாற்றுக்கு வெளிச்சம் விடாமல் நிற்கிறது. வீட்டு வாசல்களில் சாடியில் வளர்க்கும் மணி பிளாண்ட் கொடி அங்கே நிலத்தை மூடி மரத்தில் ஏறி, சாடியில் உள்ளங்கை அளவாயிருக்கும் இலையை முறமளவுக்கு விரித்திருக்கிறது. கணுவொன்று மண்ணில் பட்டாலே வேர்விடும் கொடி அது. ஆகவே கண்டி நகரத்தார் தம் தோட்டத்தில் வெட்டிக் கழித்த கொடிகளைக் காட்டோரத்தில் கொட்டாமல், வெயிலில் நன்கு காயவைத்த பின்னரே அப்புறப்படுத்த வேண்டும்.