பெரிய காகிதம், அடங்காத சுருள்

டார்க்ரூம்னு பேச்செடுத்தா லென்ஸ், டெவலப்பர், பேப்பர் கிரேடுன்னு மணிக்கணக்கா ஓடும். காகிதத்தை எப்படித் தட்டையா பிடிச்சு வைக்கறதுங்கற பேச்சு மட்டும் கடைசி வரைக்கும் வராது. ஆனா 20க்கு 24 அங்குலத் தாள் ஒண்ணை எடுத்து என்லார்ஜருக்கு அடியில வெச்சுப் பாருங்க மக்களே, பொரிச்ச அப்பளம் மாதிரி நாலு மூலையும் எழும்பி நிக்கும். தாள் விலையை நினைச்சா வயிறு எரியும்.

முதல்ல இந்தத் தொல்லையே கிடையாது. கார்ல்டன் வாட்கின்ஸ் 1861ல் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குப் போனபோது 18க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகள் மேல ஏத்திக்கிட்டுப் போனார். ஏன் அவ்ளோ பெரிசு? முட்டை வெள்ளைக்கரு பூசின அந்தக் கால ஆல்புமின் காகிதத்துக்கு வெயில்தான் வெளிச்சம். நெகட்டிவ் எந்த அளவோ பிரிண்டும் அதே அளவு. மரச்சட்டத்துக்குள்ள நெகட்டிவ் கண்ணாடி, அதன் மேல காகிதம், பின்னால ஸ்பிரிங் வெச்சு அழுத்தற பலகை. காகிதம் எங்க சுருள்றது? கண்ணாடியே அமுக்கிடும்.

1880கள்ல புரோமைடு காகிதம் பரவுச்சு. விளக்கு வெளிச்சமே போதும், சின்ன நெகட்டிவை எவ்வளவு வேணும்னாலும் பெரிசாக்கலாம். கழுதைங்க பிழைச்சுது. ஆனா காகிதத்தை அமுக்கிட்டிருந்த கண்ணாடி காணாமப் போச்சு. ஜெலட்டின் ஒரு பக்கம்தான் பூசியிருக்கு. காத்து வறண்டா அந்தப் பக்கம் அதிகமா சுருங்கி, தாளை உள்பக்கமா இழுக்கும். ரோல்ல இருந்து வெட்டின காகிதம்னா கேட்கவே வேணாம், பிறவிக் குணமே அதுதான்.

இதுக்கு வந்த கருவிதான் ஈசல். மழைக்கு விளக்கைச் சுத்துமே, அது இல்லை! நாலு உலோகப் பட்டை வெச்ச சட்டம். 8க்கு 10, 11க்கு 14 வரைக்கும் நல்லா வேலை செய்யும். அதுக்கு மேல போனா விலை எகிறும், நடுவுல தாள் உப்பிக்கிட்டும் நிக்கும்.

உப்பினா படம் மங்கிடுமேன்னு எல்லாரும் பயப்படறாங்க. கணக்குப் போட்டுப் பார்த்தா அவ்வளவு மோசமில்லை. 4க்கு 5 அங்குல நெகட்டிவை 5 மடங்கு பெரிசாக்கி, லென்ஸை எஃப் 8ல வெச்சா, தாள் ஏறக்குறைய ஒரு செ.மீ. மேலே கீழே இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. என்னைக் கேட்டா நிஜமான வில்லன் அசைவுதான். 8க்கு 10க்கு 15 செகண்ட் போதும்னா, 20க்கு 24க்கு ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷத்துல தாள் மெதுவா நெளிஞ்சுதுன்னா, ஓரத்துல இருக்கற மரமெல்லாம் ரெட்டை ரெட்டையா விழும்.

அச்சகங்கள்ல இருந்த பெரிய கேமராக்கள் இதைக் காசு கொடுத்துத் தீர்த்தன: ஓட்டை போட்ட பலகை, பின்னால காத்தை உறிஞ்சற பம்ப். நம்மாளுங்க அதையே ஓட்டைப் பலகை, வாக்குவம் கிளீனர்னு வீட்டுல செஞ்சாங்க. வேலை செய்யும். மோட்டாரைப் பலகையோட ஒட்டி வெச்சா அதிர்வுல படம் போயிடும், குழாயை நீளமா விட்டுத் தள்ளி வைக்கணும்.

எனக்குப் பிடிச்சது ஆன்சல் ஆடம்ஸ் வழி. வாட்கின்ஸ் படமெடுத்த அதே யோசெமிட்டியை வாழ்நாள் பூரா எடுத்த மனுஷர். அவரோட டார்க்ரூம்ல 8க்கு 10 நெகட்டிவுக்கான என்லார்ஜர் படுத்த வாக்குல இருந்தது. உள்ளே 36 பல்பு, ஒவ்வொண்ணுக்கும் தனி சுவிட்ச். இவ்வளவு ஆடம்பரத்துக்கும் எதிர்ல காகிதத்தைப் பிடிச்சது எது தெரியுமோ? நிக்க வெச்ச இரும்புப் பலகையும் காந்தமும்! அதுக்கு மேல ஒரு தொழில்நுட்பமும் இல்லை.

இரும்புத் தகடும் காந்தப் பட்டையும் யாருக்கும் எட்டற விலைதான். காந்தம் விழற இடம் வெள்ளையா நிக்கும்ங்கறதால ஓரத்துல ஒரு அங்குலம் கூட விட்டு வெட்டிக்கணும். சிலர் 6 மி.மீ. கண்ணாடியை மேல வைப்பாங்க. தட்டையா இருக்கும், சந்தேகமே இல்லை. ஆனா 20க்கு 24 கண்ணாடி நாலரை கிலோவுக்கு மேல கனம். இருட்டுல அதைத் தூக்கி வைக்கணும், ஒவ்வொரு தூசும் படத்துல வெள்ளைப் புள்ளியா விழும். ரெட்டைப்பக்க டேப்பை மூலைக்கு மூலை ஒட்டறதும் உண்டு, பிய்க்கறப்போ தாள் கிழியாம இருக்க, டேப்பை முன்கூட்டியே ரெண்டு தடவை சட்டைத் துணியில ஒட்டி எடுத்துப் பசையைக் குறைச்சுக்கணும். சாஃப்ட் போர்டும் குண்டூசியும்தான் எல்லாத்துலயும் மலிவு.

ரெண்டு பக்கமும் பிளாஸ்டிக் பூசின ஆர்.சி. காகிதம் வந்த பிறகு பாதித் தொல்லை தீர்ந்துது. பழைய ஃபைபர் காகிதத்தை விடாதவங்களுக்குத்தான் இந்தக் கூத்தெல்லாம். அதுவும் கழுவிக் காயப் போட்டதும் மறுபடி முதல்ல இருந்து சுருள ஆரம்பிக்கும். அந்தக் கதையை இன்னொரு பதிவுல வெச்சுக்கலாம்.