கர்ப்பகால மலேரியாத் தடுப்பு

கர்ப்பகால மலேரியாத் தடுப்பு என்பது கருவுற்ற பெண்ணையும் கருவிலுள்ள குழந்தையையும் மலேரியாவிலிருந்து காக்க, வழக்கமான கர்ப்பகாலப் பராமரிப்பின் பகுதியாக மேற்கொள்ளப்படும் நடவடிக்கைகளைக் குறிக்கும். கொசுவலை, காய்ச்சலின்போது இரத்தப் பரிசோதனை, உடனடிச் சிகிச்சை, சில நாடுகளில் தடுப்பு மருந்து ஆகியவை இதில் அடங்கும். தேனி மாவட்டக் கம்பம் பள்ளத்தாக்கு போன்று நோய்ப்பரவல் குறைந்த பகுதிகளில் தடுப்பு மருந்தை விடக் காய்ச்சலை உடனே கண்டறிவதே முதன்மையான வழியாகும்.

நோயின் தன்மை

மலேரியா பிளாசுமோடியம் என்னும் ஒட்டுண்ணியால் உண்டாகிறது; பெண் அனோபிலசு கொசுக்கள் இதைப் பரப்புகின்றன. பிளாசுமோடியம் பால்சிபேரம் தொற்றிய சிவப்பணுக்கள் சூல்வித்தகத்தில் (நச்சுக்கொடி) ஒட்டிக்கொண்டு தங்கும் இயல்புடையவை. இதனால் தாயின் விரல் நுனியில் எடுக்கப்படும் இரத்தத்தில் ஒட்டுண்ணி மிகக் குறைவாகக் காணப்பட்டாலும், சூல்வித்தகத்தில் மிகுதியாக இருக்கக்கூடும்.

தாய்க்குக் கடும் இரத்தசோகை, கருச்சிதைவு, குறைப்பிரசவம், குழந்தை இறந்து பிறத்தல், எடை குறைந்த குழந்தை பிறத்தல் ஆகியவை இந்நோயின் முக்கிய விளைவுகள். நோய் மிகுந்த நாடுகளில் முதல் கர்ப்பமுற்ற பெண்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். அடுத்தடுத்த கர்ப்பங்களில் ஓரளவு எதிர்ப்பாற்றல் உருவாகிறது. நோய் அரிதாக உள்ள பகுதிகளில் எவருக்கும் போதிய எதிர்ப்பாற்றல் இராது. ஆகவே அங்கு எத்தனையாவது கர்ப்பமாயினும் நோய் விரைவில் கடுமையாகக்கூடும்.

கம்பம் பள்ளத்தாக்கும் மலேரியாவும்

முல்லைப் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை ஜான் பென்னிகுவிக் தலைமையில் கட்டப்பட்டது. அடர்ந்த காட்டில் நடைபெற்ற அப்பணியில் மலேரியா உள்ளிட்ட நோய்களால் பலர் இறந்தனர். அவர்களுள் சிலரது கல்லறைகள் அணையருகே உள்ளன. மலேரியாவைக் கொசுவே பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்டு ராசு செகந்தராபாத்தில் கண்டறிந்தது 1897இல், அதாவது அணை திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்தே ஆகும்.

அணை நீரால் பள்ளத்தாக்கில் இருபோக நெல் சாகுபடி பெருகியது. இந்தியச் சிற்றூர்களில் மலேரியாவைப் பரப்பும் முதன்மைக் கொசுவான அனோபிலசு குலிசிபேசிசு, வயல்களிலும் வாய்க்கால்களிலும் முட்டையிடக் கூடியது. 1953இல் தொடங்கிய தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டத்தால் நாடெங்கும் நோய் வெகுவாகக் குறைந்தது. எனினும் 1976இல் சுமார் 64 இலட்சம் பேரைப் பாதித்து மீண்டும் தலைதூக்கியது.

தற்காலத்தில் தமிழ்நாட்டு மலேரியா பெரும்பாலும் சென்னையிலும் இராமநாதபுரம் போன்ற கடலோரப் பகுதிகளிலும் பதிவாகி வந்துள்ளது. இவற்றுள் பிளாசுமோடியம் வைவாக்சு வகையே மிகுதி. கம்பம், போடிநாயக்கனூர் பகுதிப் பெண்கள் பலர் ஜீப்புகளில் மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அத்தோட்டங்களில் வட இந்திய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களும் பணிபுரிகின்றனர். நோய் அரிதான இடத்திலும் வெளியிலிருந்து தொற்று வர இயலும் என்பதால், காய்ச்சலைச் சாதாரணமாகக் கருதி விட்டுவிடலாகாது.

பராமரிப்பில் தடுப்பு முறைகள்

தமிழ்நாட்டில் கிராம சுகாதாரச் செவிலியர் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, துணை சுகாதார நிலையம் வழியாகவும் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகவும் கண்காணிக்கிறார். மலேரியாத் தடுப்பும் இந்த அமைப்பிலேயே இணைகிறது.

* பதிவு: 12 வாரங்களுக்குள் பதிவு செய்வது விரும்பத்தக்கது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இப்பதிவு தேவை. பரிசோதனைக்காக ஒரு நாள் கூலியை இழக்கும் பெண்களுக்கு இவ்வுதவி முக்கியமானது.
* காய்ச்சல்: ஒவ்வொரு வருகையிலும் காய்ச்சல், குளிர்நடுக்கம், அண்மைப் பயணம் ஆகியவற்றை விசாரித்தல். காய்ச்சல் இருப்பின் இரத்தத் தடவல் அல்லது விரைவுப் பரிசோதனை செய்தல்.
* இரத்தசோகை: ஈமோகுளோபின் அளவைப் பார்த்தல். நான்காம் மாதம் முதல் குறைந்தது 180 நாள்களுக்கு இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரை உண்டும் இரத்தசோகை குறையாவிடில் மலேரியாவையும் காரணமாகக் கருதவேண்டும்.
* கொசுத் தடுப்பு: பூச்சிமருந்து ஏற்றிய கொசுவலை கர்ப்பிணிகளுக்குப் பாதுகாப்பானது. நீர்த்தொட்டிகளையும் கிணறுகளையும் மூடி வைத்தலும் அவசியம்.

சிகிச்சை

வைவாக்சு மலேரியாவுக்கு மூன்று நாள் குளோரோகுயின் தரப்படுகிறது. ஈரலில் உறங்கும் ஒட்டுண்ணியை அழிக்கும் பிரிமாகுயின் கர்ப்பகாலத்தில் தரப்படுவதில்லை. ஆதலால் குணமான பின்னும் நோய் திரும்பக்கூடும். மீண்டும் காய்ச்சல் கண்டால் மறுபரிசோதனை தேவை.

பால்சிபேரம் வகைக்கு, இந்தியாவின் 2013ஆம் ஆண்டு மருந்துக் கொள்கை முதல் மூன்று மாதங்களில் குயினைனையும், பின்னர் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தையும் பரிந்துரைத்தது. உலக சுகாதார அமைப்பு 2022இல் முதல் மூன்று மாதங்களுக்கும் ஆர்ட்டிமீத்தர்–லூமிபாந்திரின் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. எவ்வகையாயினும் மருத்துவரின் மேற்பார்வையிலேயே மருந்து உட்கொள்ள வேண்டும்.

பிற நாடுகளில்

நோய் மிகுந்த ஆப்பிரிக்க நாடுகளில், நான்காம் மாதம் முதல் ஒவ்வொரு பரிசோதனையின்போதும் குறைந்தது ஒரு மாத இடைவெளியில், சல்படாக்சின்–பைரிமெத்தமின் தடுப்பு மருந்து தரப்படுகிறது. காய்ச்சல் இல்லாத பெண்ணும் இதைப் பெறுகிறார். மூன்று முறையேனும் பெறுவது இலக்காகும். பரவல் குறைந்த இந்தியாவின் தேசியக் கொள்கையில் இம்முறை இடம்பெறவில்லை.

இலங்கையில் 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்டது. கொழும்பு மகப்பேற்று மருத்துவர் ஜி. ஏ. டபிள்யூ. விக்ரமசூரிய, கர்ப்பிணிகளிடம் மலேரியாவும் கொக்கிப்புழுவும் ஏற்படுத்தும் பாதிப்பைப் பற்றி 1937இல் நூல் வெளியிட்டார். 2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றளிக்கப்பட்டது. அதன் பின்னரும் அங்கு வெளிநாட்டிலிருந்து வரும் தொற்றைக் கண்காணிக்கும் பணி தொடர்கிறது.