சார் எங்களைப் பார்க்க மாட்டார் பாட்டி

இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பது நிமிடம் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர்கள் நீங்கள். இன்னும் ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடந்த ஒரு மாதத்தில் மட்டும் நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். "டீச்சர், பிள்ளைக்கு ஆன்லைன் டியூஷன் போடலாம்னு இருக்கோம். எது நல்லா இருக்கும்?" தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கேயே எழுதிவிடலாம் என்று தோன்றியது. இதில் சேருங்கள் என்று எந்தக் கம்பெனியின் பெயரையும் சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். அதற்குக் கொஞ்சம் பழங்கதையும் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. கோவையில் இருக்கும் என் அண்ணன் மகள், ஏழாம் வகுப்புப் படிக்கும் தன் பையனை ஒரு ஆன்லைன் டியூஷனில் சேர்த்தாள். கம்பெனி ஆள் வீட்டுக்கே வந்து பத்துக் கேள்வி கேட்டு, "பையன் கணக்கில் ரொம்ப வீக், இப்போ விட்டா பிடிக்க முடியாது" என்று பயமுறுத்திவிட்டுக் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். மாதத் தவணை என்று இவள் நினைத்தது, ஒரு நிதி நிறுவனத்தில் இவள் பெயரில் போட்ட கடன் என்பது பிறகுதான் தெரிந்தது.

எட்டு மாதம் கழித்துக் காலாண்டு விடுமுறைக்குப் பையன் என்னிடம் வந்தான். சும்மா இருக்க என் கை விடவில்லை. 1/2 + 1/3 எவ்வளவு என்று எழுதிக் கேட்டேன். 2/5 என்று எழுதினான்.

"எப்படிப்பா?"

"மேல ரெண்டையும் கூட்டினேன், கீழ ரெண்டையும் கூட்டினேன் பாட்டி."

"டியூஷன்ல இப்படிப் போட்டப்போ சார் ஒண்ணும் சொல்லலையா?"

"சார் எங்களைப் பார்க்க மாட்டார் பாட்டி. நாங்கதான் சாரைப் பார்ப்போம்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எட்டு மாதமாகத் தவணை கட்டியிருக்கிறாள். பிள்ளையும் ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்திருக்கிறான். அவன் தப்பை ஒரு கண்கூடப் பார்க்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கல்வி வரலாறு என்று ஒரு பாடம் உண்டு. தேர்வுக்காக உருப்போட்டு மறந்த அந்தப் பாடம், இந்தப் பையன் சொன்ன ஒரு வார்த்தையால் மறுபடி நினைவுக்கு வந்தது.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதும். பிறகுதான் ஓலை. எண்சுவடியை முறை வைத்து உரக்கச் சொல்ல வேண்டும். முந்திரி என்றால் 1/320, காணி என்றால் 1/80, மா என்றால் 1/20. பின்னத்துக்கே வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். வாத்தியாரின் பிரம்பை நான் புகழவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணையில் இடமும் இல்லை. பெண்பிள்ளைகளையும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளையும் பெரும்பாலும் வெளியேதான் நிறுத்தினார்கள். ஆனால் உட்கார்ந்த பிள்ளை ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டால், மணலிலேயே அது தெரிந்துவிடும். அப்போதே அழித்து மறுபடி எழுத வேண்டியதுதான். வாத்தியாருக்குக் கை போதாவிட்டால், பெரிய பையன் ஒருவன் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வான். அவன்தான் சட்டாம்பிள்ளை.

இந்தக் காட்சியைத்தான் ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் சென்னையில் பார்த்தார். 1789-இல் எழும்பூரில் ஆண்பிள்ளைகளுக்கான அனாதை விடுதியின் கண்காணிப்பாளரானவர் அவர். மணலில் எழுதக் கற்றுக்கொடுங்கள் என்று தன் ஆசிரியர்களிடம் சொன்னார். அது நடக்காது என்றார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார், நடந்தது. ஊர் திரும்பி 1797-இல் இதை நூலாக எழுதினார். இங்கிலாந்து முழுக்க இதை 'மெட்ராஸ் முறை' என்றே அழைத்தார்கள். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றுதான் பெயர். நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் போதும், செலவு மிச்சம் என்றுதான் அங்கே எல்லோருக்கும் இந்த முறை பிடித்தது. இன்றைய ஆன்லைன் கம்பெனிகளின் கணக்கும் அதுதான். ஆனால் பெல்லின் முறையில் ஒன்று மட்டும் விட்டுப்போகவில்லை. ஒவ்வொரு சின்னப் பிள்ளையின் எழுத்தையும் பார்க்க, பக்கத்தில் ஒரு பெரிய பிள்ளை இருந்தது.

வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதும் இன்று நேற்று வந்ததல்ல. சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணம் முழுவதும் பள்ளிக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பில் 12,498 பள்ளிகள் இருந்ததாகச் சொல்கிறார். அதில் சென்னை நகரைப் பற்றிய ஒரு கணக்குதான் என்னை வியக்கவைத்தது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப்போல ஏறத்தாழ ஐந்து மடங்குப் பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கிறார்கள் என்று கலெக்டர் கணக்குக் கொடுத்திருந்தார். இதில் ஏதோ தவறு இருக்கும் என்று மன்றோவே சந்தேகப்பட்டார். கணக்கு மிகையாகவே இருக்கட்டும். தகப்பனோ மாமனோ சம்பளத்துக்கு வைத்த வாத்தியாரோ வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் அன்றைக்கே ஏராளம் என்பது தெரிகிறது அல்லவா?

சரி, ஆசிரியர் ஓர் ஊரிலும் மாணவர் வேறோர் ஊரிலும் இருந்தால் பாடம் நடக்காதா? நடக்கும். உங்களில் பலர் பத்தாம் வகுப்பு முடித்ததும் டைப் இன்ஸ்டிடியூட்டில் சுருக்கெழுத்துப் படித்தீர்களே, அதைக் கண்டுபிடித்த ஐசக் பிட்மன்தான் அதற்கும் வழிகாட்டி. 1840-இல் இங்கிலாந்தில் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் வசதி வந்தது. உடனே பிட்மன் தபாலில் சுருக்கெழுத்துப் பாடம் தொடங்கினார். மாணவர்கள் ஒரு பத்தியைச் சுருக்கெழுத்தில் எழுதி அனுப்புவார்கள். திருத்திய தாள் தபாலில் அவர்களுக்குத் திரும்பிப் போகும். ஆசிரியர் முகத்தை மாணவர் பார்த்ததில்லை. ஆனால் மாணவரின் தப்பை ஆசிரியர் பார்த்துவிட்டார். இன்றைய ஆன்லைன் கல்விக்கு இவரைத்தான் தாத்தா என்று சொல்ல வேண்டும்.

பிறகு வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்காவின் செயற்கைக்கோள் ஒன்றைக் கொண்டு இஸ்ரோ 6 மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பியது. சைட் என்று அதற்குப் பெயர். மின்சாரத்தையே அப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருந்த கிராமங்களுக்கு அது பெரிய வரம். 2019-இல் வந்த நம் கல்வித் தொலைக்காட்சியும், 2020-இல் பள்ளிகளை மூடியபோது பேருதவி செய்தது. ஆனால் இவற்றில் பாடம் ஒரு பக்கமாகத்தான் ஓடும். பெட்டி பேசும், பிள்ளை கேட்கும். பிள்ளை என்ன புரிந்துகொண்டது என்று பெட்டிக்குத் தெரியாது. இந்தக் குறையைச் சரிக்கட்டத்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கினார்கள். தெருவிலேயே ஒரு தன்னார்வலர், மாலையில் ஒன்று ஒன்றரை மணி நேரம், சுமார் இருபது பிள்ளைகள். திண்ணைதான் வேறு பெயரில் திரும்பி வந்தது.

இணையத்தில் இலவசமாகப் பாடம் சொல்லும் கான் அகாடமியும் ஒரே ஒரு பிள்ளையிடமிருந்துதான் தொடங்கியது. 2004-இல் சல்மான் கான் என்பவர், வேறோர் ஊரில் கணக்கில் தடுமாறிய தன் உறவுக்காரச் சிறுமிக்குத் தொலைபேசியிலும் கணினியிலும் சொல்லிக்கொடுத்தார். கேட்ட உறவினர்கள் பெருகவே 2006 முதல் யூடியூபில் வீடியோ போட்டார். நம் நாட்டில் பைஜு ரவீந்திரனும் நண்பர்களுக்கு நுழைவுத் தேர்வுக் கணக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் தொடங்கினார். 2015-இல் செயலி வந்தது. 2022-இல் அந்த நிறுவனத்தின் மதிப்பை 2,200 கோடி டாலர் என்றார்கள். 2024 ஜூலையில் அதே நிறுவனம் திவால் நடவடிக்கையில் நின்றது. (எங்கள் பையன் சேர்ந்தது அந்த நிறுவனம் அல்ல.) இரண்டு பேருமே தொடங்கும்போது எதிரில் இருந்தவரின் சந்தேகத்தைக் கேட்டுத்தான் தொடங்கினார்கள். கூட்டம் பெருகப் பெருக முதலில் கழன்றுபோவது அந்தக் கேட்கும் காதுதான்.

இருநூறு ஆண்டுக் கதையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான். மணல், தபால், கணினி என்று பொருள் மாறிக்கொண்டே இருக்கும். என் பிள்ளையின் தப்பை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி மாறாது.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை.

பணம் கட்டும் முன் ஒரு மாதிரி வகுப்புக் கேளுங்கள். பிள்ளையிடம் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போடச் சொல்லுங்கள். ஆசிரியர் அதைக் கண்டுபிடிக்கிறாரா, "ஏன் இப்படிப் போட்டாய்?" என்று கேட்கிறாரா என்று பாருங்கள். தப்பு என்று சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தால் போதாது.

ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அதே ஆசிரியர் தொடர்ந்து வருவாரா, நம் பிள்ளையின் பாடத்திட்டமா, புரியும் மொழியா என்று கேளுங்கள். ஏதாவது ஒரு பிள்ளையின் திருத்திய நோட்டுப் பக்கத்தை, பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பண விஷயத்தில் மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்திருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் வசதியைத் தவிர்க்கவும், தெரியாமல் கடனில் சிக்க வேண்டாம், விளம்பரத்தை அப்படியே நம்ப வேண்டாம், பணத்துக்கு ரசீது கேட்டு வாங்கவும் என்று அதில் இருக்கிறது. 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலில், மாணவர் பாதியில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த அளவுகோலையே நீங்களும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் திரும்ப வரும் விதத்தை எழுத்தில் தராதவர்களிடம் ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

அதற்கும் முன்னால், பள்ளியில் பிள்ளையின் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். எந்த இடத்தில் இடறுகிறது என்று அவருக்குத் தெரியும். விளக்கம் மட்டும் தேவை என்றால், நம் பாடநூலில் 2018 முதல் அச்சாகும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தாலே வீடியோ வரும். பைசா செலவில்லை.

இவ்வளவு சொல்லும் எனக்கு ஒரு தகுதியும் இல்லாத இடம் ஒன்று உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்பு, 54 பிள்ளைகள். கடைசி வரிசையில் ஒரு பெண். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், நோட்டில் எல்லாம் சரியாக இருக்கும். பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறாள் என்பதும், கடன் வாங்கிக் கழிக்கவே தெரியாது என்பதும் முழு ஆண்டுத் தேர்வுக்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆறாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. வீட்டுக் கஷ்டமும் ஒரு காரணம்தான். ஆனால் வருடம் முழுவதும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவளைப் பார்க்கவில்லை. திரைக்குள் இருக்கும் அந்தச் சாரை நான் ரொம்பவும் திட்ட முடியாமல் இருப்பது அதனால்தான். அம்மா, நீ இதைப் படித்தால் இந்த டீச்சரை மன்னித்துவிடு.

பையன் கதையை முடித்துவிடுகிறேன். மறுநாள் தோசை ஊற்றும்போது அவனைக் கூப்பிட்டேன். "அரைத் தோசையோட இன்னும் கொஞ்சம் தோசை சேர்த்தா, அரையைவிடக் குறையுமா?" என்றேன். "குறையாதே!" என்றான். "உன் 2/5 பாதியைவிடக் குறைச்சலாச்சே?" ஒரு நிமிடம் தட்டையே பார்த்தான். பிறகு ஓடிப்போய்த் தாளை எடுத்து வந்து, ஆறு பங்காகப் பிரித்து, 5/6 என்று அவனே எழுதினான்.

இப்போதும் அவன் ஆன்லைனில்தான் படிக்கிறான். பி.எட். முடித்த ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள். வாரம் மூன்று நாள், நான்கே பிள்ளைகள். கணக்குப் போட்டதும் நோட்டைக் கேமரா முன் பிடிக்கச் சொல்கிறாள். பழைய கம்பெனியின் கடன் தவணை இன்னும் நாலு மாதம் பாக்கி இருக்கிறது. என் அண்ணன் மகள் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். "அத்தை, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றுதான் முதலில் சொன்னாள். பிறகு அவளே, "எழுதுங்க, நாலு பேர் தப்பிக்கட்டும்" என்றாள்.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள். பிள்ளையின் நோட்டைப் படம் எடுத்து அனுப்பினாலும் சரி, பார்த்துச் சொல்கிறேன். எனக்கு இப்போது நேரம் நிறைய இருக்கிறது.

என்றும் அன்புடன்,
உங்கள் கணக்கு டீச்சர்