அம்பாசடருக்கு அடியில் ராபர்ட் ஹூக்!

2014-ல் தயாரிப்பு நின்றுபோன அம்பாசடர் ஒன்று உங்களிடம் இருக்கிறதா? 60-ஐத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் 'கிர்ர்ர்' என்று அதிர்கிறதா? ஆளில்லாத நேர் ரோட்டில், அதே வேகத்தில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் எஞ்சின் பெரும்பாலும் நிரபராதி! சக்கரமோ, ப்ரொப்பல்லர் ஷாஃப்டோதான் குற்றவாளி. கிளட்ச்சை விடும்போது 'டங்' என்ற சத்தமும் வந்தால், ஷாஃப்ட் முனையிலுள்ள 'யு.ஜே. கிராஸ்' மீது சந்தேகப்படலாம்.

இந்த இணைப்பை 1676-லேயே விவரித்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். காருக்காக அல்ல, சூரியனைப் பார்க்கும் கருவிகளுக்காக! இதில் ஒரு சிக்கல். சாய்வாகச் சுழலும்போது மறுமுனை ஒரே சீராகச் சுற்றாது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தடவை முந்தும், இரண்டு தடவை பிந்தும். அதனால்தான் ஷாஃப்டின் இரு முனையிலும் இணைப்பு. ஒன்றின் குறையை இன்னொன்று சரிக்கட்டும்.

இரண்டாகப் பிரியும் ஷாஃப்டைத் திசை மாற்றிச் சேர்த்தால் போச்சு! புது கிராஸ் போட்டும் நடுக்கம் நிற்காது. ஆகவே, கழற்றும் முன்பே ஒரு பெயின்ட் கோடு போட்டுவைக்கச் சொல்லுங்கள்.