கணக்கில் வராத வெள்ளம்

காப்பீடு என்பது கடந்தகாலத்தை எண்ணிப் பார்த்து வருங்காலத்துக்கு விலை சொல்லும் தொழில். ஆயுள் காப்பீட்டுக்கு இறப்புப் பட்டியலும் வாகனக் காப்பீட்டுக்கு விபத்துப் பதிவுகளும் கைகொடுக்க, அரிதாக நேரும் பேரிடர்களுக்கோ அத்தகைய நீண்ட பதிவு இல்லை. இக்குறையை நிரப்பவே, ஆயிரக்கணக்கான கற்பனைப் புயல்களைக் கணினியில் வீசச் செய்து இழப்பை மதிப்பிடும் 'பேரிடர் மாதிரி' தோன்றியது; 1992-இல் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவைச் சிதைத்து, காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றைத் திவாலாக்கிய பின்னரே அது பரவலாக வழக்குக்கு வந்தது.

எனினும், எல்லா இடர்களுக்கும் மாதிரி அமைந்துவிடவில்லை. சமவெளியில் பரவும் வெள்ளத்தின் போக்கை ஓரடி உயர வேறுபாடும், கரையில் விழும் ஓர் உடைப்பும், அணை திறக்கப்படும் நேரமும் மாற்றிவிடுவதால், அதைக் கணிப்பது கடினம். தாய்லாந்தின் சாவோ பிரயா ஆற்றுச் சமவெளி அத்தகைய நிலம். அங்கு வெள்ள இடருக்குப் பெரும்பாலான நிறுவனங்களிடம் மாதிரி இல்லாத நிலையில், தொழிற்சாலைகளுக்கான சொத்துக் காப்பீட்டில் வெள்ளப் பாதுகாப்பு மிகக் குறைந்த கட்டணத்திலேயே சேர்க்கப்பட்டு வந்தது.

2011-இல் மாதக்கணக்கில் பெய்த மழைநீர் மெல்லத் தெற்கே நகர்ந்து, அக்டோபரில் அயுத்தயா, பதும் தானி மாகாணங்களின் ஏழு தொழிற்பேட்டைகளில் புகுந்தது. அயுத்தயாவிலிருந்த ஹோண்டா ஆலையில் நீரில் மூழ்கிய 1,055 புதிய கார்கள் பின்னர் நொறுக்கி அழிக்கப்பட்டன. அங்கிருந்த கணினி வன்தட்டு ஆலைகள் நின்றதால் உலகெங்கும் வன்தட்டுகளின் விலை ஏறியது. மொத்தச் சேதத்தையும் இழப்பையும் உலக வங்கி சுமார் 4,650 கோடி டாலர் என மதிப்பிட்டது. காப்பீட்டாளர்கள் மீது விழுந்த சுமையே 1,000 கோடி டாலரைத் தாண்டியது.

அவர்களைத் தடுமாற வைத்தது வெள்ளம் மட்டுமன்று. தனித்தனியே எழுதப்பட்ட பாலிசிகள் அருகருகே நின்ற ஆலைகளில் குவிந்து கிடந்ததை அவர்கள் முன்கூட்டியே கூட்டிப் பார்க்காததும்தான். தொழில் மொழியில் இத்தகைய குவிதலுக்குப் 'பொறுப்புக் குவிப்பு' என்று பெயர். காப்பீட்டாளர்களுக்கே காப்பீடு வழங்கும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் அதன்பின் கட்டணத்தை உயர்த்தி, வெள்ளத்துக்கெனத் தனி உச்சவரம்பு விதித்தன. 2012-இல் தாய்லாந்து அரசு 5,000 கோடி பாட் மதிப்பில் தேசியப் பேரிடர்க் காப்பீட்டு நிதியை ஏற்படுத்தியது.

மாதிரி இல்லாத இடத்திலும், ஒரே வெள்ளத்தில் எத்தனை ஆலைகள் மூழ்கும், அதனால் எவ்வளவு தர நேரிடும் என்று வரைபடத்தை விரித்து எண்ணிப் பார்ப்பது எவருக்கும் இயலும் வேலை. ஆபத்தை அளக்க வழியில்லை என்பது ஆபத்தே இல்லை என்பதற்குச் சான்றாகாது. தாய்லாந்து வெள்ளம் கற்பித்த பாடம் இதுவே.